கந்தகம் சேராத சிவப்பு

அமெரிக்கக் கடையில் ஒரு ஒயின் புட்டியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கச் சீட்டின் ஓரத்தில் அநேகமாக ஒரு சிறிய வரி இருக்கும்: 'சல்பைட் அடங்கியது'. லிட்டருக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அந்த வரியை அச்சிட்டே ஆகவேண்டும் என்பது 1987 முதல் அங்கே சட்டம். சல்பைட் என்பது கந்தகத்தின் ஒரு வடிவம். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்ப்பது.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போனால், ரஷ்யன் ஆறு தோன்றும் மலையடிவாரத்தில் ரெட்வுட் பள்ளத்தாக்கு என்ற சிற்றூர் வரும். மெண்டசினோ வட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஃப்ரே குடும்பம் 1980 முதல் ஒயின் செய்கிறது. பன்னிரண்டு பிள்ளைகள் வளர்ந்த வீடு அது. அமெரிக்காவின் முதல் ஆர்கானிக் ஒயின்சாலை என்று இதைத்தான் குறிப்பிடுவார்கள். 1996-இல் பயோடைனமிக் என்ற விவசாய முறைக்கான சான்றும் பெற்றது. 2017 அக்டோபர் 8 இரவு அந்தப் பள்ளத்தாக்கில் புகுந்த காட்டுத்தீ ஒன்பது உயிர்களைக் கொண்டுபோயிற்று. இந்தக் குடும்பத்தின் ஒயின்சாலையும் அதில் எரிந்தது. மறுபடி கட்டினார்கள், இன்றும் செய்கிறார்கள். தொடக்கம் முதல் இவர்களுக்கு ஒரே பிடிவாதம்: ஒயினில் சல்பைட் சேர்ப்பதில்லை.

இவர்களிடம் ஒற்றை ரகத் திராட்சையின் பெயர் தாங்கிய ஒயின்களும் உண்டு. 'நேச்சுரல் ரெட்' என்று குறைந்த விலையில் ஒரு சிவப்புக் கலவையும் உண்டு. இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொள்வது அந்தக் கலவையைத்தான். விலையுயர்ந்த ஒயினைப் பத்திரமாக வைத்திருக்கப் பணம் இருக்கிறது. குளிர்ந்த நிலவறை, அளந்து வைக்கும் ஈரப்பதம், பொறுமையாகக் காத்திருக்கும் வாடிக்கையாளர் எல்லாம் அதற்குக் கிடைக்கும். மலிவான ஒயின் லாரியில் வெயில் காய்ந்து வந்து, கடையின் விளக்கொளியில் மாதக்கணக்கில் நிற்கும். காப்புப் பொருள் எதுவும் இல்லாமல் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் நல்ல அறிவியல் கேள்வி.

முதலில் கந்தகம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பழுத்த திராட்சையை நசுக்கிப் பானையில் விட்டால் ஈஸ்ட் பெருகி, சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தரும். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். அதோடு கதை நிற்பதில்லை. காற்றுப் பட்டபடியே விட்டால் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா வந்து ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். இனிப்புச் சாற்றுக்கும் காடிக்கும் நடுவில் இருக்கும் ஒரு நிறுத்தம்தான் ஒயின். தென்னங்கள்ளை இரண்டு நாள் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த நடு நிறுத்தத்தில் ஒயினைப் பிடித்து வைப்பது சல்பைட்டிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடு. அதற்கு வேலை இரண்டு. நுண்ணுயிரிகளை அடக்குவது ஒன்று. ஆக்சிஜன் செய்யும் கேட்டைத் தடுப்பது மற்றொன்று. ஒயினில் கரைந்ததும் அது பல வடிவங்களாகப் பிரிந்துவிடுகிறது. நுண்ணுயிரியின் உடலுக்குள் ஊடுருவிப் போகக்கூடியது மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு வடிவம் மட்டுமே. அது எவ்வளவு இருக்கும் என்பதை ஒயினின் புளிப்பு தீர்மானிக்கிறது. பி.எச். அளவு 3.5 இருந்தால், கட்டுப்படாமல் மிஞ்சியிருக்கும் சல்பர் டை ஆக்சைடில் நூற்றுக்கு இரண்டு பங்கு அந்த வடிவில் இருக்கும். 3.8 ஆனால் ஒரு பங்குதான். புளிப்பு சற்றுக் குறைந்தாலும் கந்தகத்தின் பலம் பாதியாகிவிடும். புளிப்பு இல்லாத ஒயினுக்கு அதிகக் கந்தகம் கொட்டவேண்டி வருவது இதனால்தான்.

புளிப்பு கந்தகத்துக்கு உதவியாள் மட்டுமில்லை. அதுவே ஒரு காவல். ஒயினைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பல, பி.எச். 3.5-க்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். மாங்காயையும் எலுமிச்சையையும் ஊறுகாய் போட்டு ஆண்டு முழுதும் வைத்திருக்கும் நம் வீடுகளில், உப்போடு சேர்ந்து புளிப்பு என்ன செய்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். உப்பின் இடத்தில் ஒயினில் ஆல்கஹால் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்கு மூன்றாவதாக ஒரு காவலும் உண்டு: துவர்ப்பு.

சந்தையில் வாங்கும் கறுப்புத் திராட்சையை, நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே சதை வெளிறிப்போய்த்தான் இருக்கும். நிறம் முழுக்கத் தோலில். ஒயின் திராட்சையிலும் பெரும்பாலும் அப்படியே. தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விட்டால் வெள்ளை ஒயின். தோலும் விதையும் சாற்றிலேயே கிடந்து ஊறினால் சிவப்பு. அப்படி ஊறும்போது ஆந்தோசயனின் என்ற நிறமிகளும், டானின் என்ற துவர்ப்புப் பொருள்களும் சாற்றில் இறங்குகின்றன.

இந்த டானின்களுக்கு ஆக்சிஜன் மீது தீராத பசி. ஒயினுக்குள் நுழையும் ஆக்சிஜன், அதிலுள்ள துளியளவு இரும்பு, செம்பு ஆகியவற்றின் துணையோடு முதலில் இவற்றைத்தான் தாக்கும். அப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, அது ஆல்கஹாலில் ஒரு பகுதியை அசிட்டால்டிஹைடு ஆக்கும். வெள்ளை ஒயினில் இது நடந்தால் கேடு. வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பேறிய வாடை வரும். சிவப்பில் இதே அசிட்டால்டிஹைடு ஒரு நல்ல காரியம் செய்கிறது. ஒரு பக்கம் நிறமியையும் மறுபக்கம் டானினையும் பிடித்து இரண்டையும் கோத்துவிடுகிறது. தனியாக நிற்கும் நிறமி சீக்கிரம் வெளுத்துவிடும். டானினோடு கோத்த நிறமி ஆண்டுக்கணக்கில் நிற்கும். சல்பர் டை ஆக்சைடு இந்த இடத்தில் குறுக்கே நிற்பது. அது அசிட்டால்டிஹைடைத் தானே பிடித்து முடக்கிவிடும்; தனி நிறமிகளை வெளுக்கவும் செய்யும். அதனால் கந்தகம் சேராத இளம் சிவப்பு ஒயினில் நிறம் பளிச்சென்று இருக்க வாய்ப்பு அதிகம். கந்தகம் இல்லாமல் ஒயின் செய்வேன் என்று ஒருவர் கிளம்பினால், சிவப்பில் அவருக்கு இயற்கை துணை நிற்கும். வெள்ளையில் அவர் தனியாள்.

கலவைக்கு வருவோம்.

அமெரிக்கச் சட்டப்படி ஒரு திராட்சை ரகத்தின் பெயரைப் புட்டியில் போடவேண்டுமானால் அந்த ரகம் குறைந்தது 75 சதவீதம் இருக்கவேண்டும். 'சிவப்பு' என்று மட்டும் எழுதினால் அந்தக் கட்டு இல்லை. கலவை என்றாலே மிச்சம் மீதியைக் கொட்டி முடிப்பது என்று நினைப்பவர்கள் ஒயின் குடிப்பவர்களிலேயே நிறையப் பேர் உண்டு. தவறான எண்ணம். மெண்டசினோ வட்டாரத்தில் நெடுங்காலமாகப் பயிராகும் கரிஞான், சின்ஃபண்டல், பின்னால் வந்து வேரூன்றிய சிரா என்ற மூன்று ரகங்களைப் பாருங்கள். மூன்றுக்கும் ஒவ்வொரு குறை உண்டு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது.

கரிஞான் ஸ்பெயினின் அரகான் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படுவது. நிறைய விளையும், ஆனால் மணம் குறைவு, துவர்ப்பு முரடு. ஒயின் உலகம் அதைக் கூலியாள் மாதிரியே நடத்தி வந்திருக்கிறது. அதனிடம் ஒரு செல்வம் இருக்கிறது: வெயிலில் பழுத்த பிறகும் புளிப்பை விட்டுக்கொடுக்காது. கந்தகம் சேர்க்காதவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

சின்ஃபண்டல் நேர் எதிர். ஒரே குலையில் சில பழங்கள் வற்றி உலர்ந்திருக்கும். பக்கத்திலேயே சில இன்னும் முற்றாமல் நிற்கும். அந்த உலர்ந்த பழங்களால் சர்க்கரை எகிறும், ஆல்கஹாலும் எகிறும். பழச்சுவை வாய் நிறைய இருக்கும். புளிப்பு சில ஆண்டுகளில் தொய்ந்துவிடும். இது கலிபோர்னியாவின் சொந்தத் திராட்சை என்றே அங்குள்ளவர்கள் பெருமைப்பட்டு வந்தார்கள். 2001-இல் டி.என்.ஏ. சோதனை வேறு ஊரைக் காட்டியது. குரோவேஷியக் கடற்கரையில் அழிவின் விளிம்பில் மிஞ்சியிருந்த சில கொடிகளும் இதுவும் ஒன்றே என்று, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கேரல் மெரடித்தும் குரோவேஷிய ஆய்வாளர்களும் நிறுவினார்கள்.

சிரா நிறத்துக்கு. தோலில் நிறமி செறிந்த ரகம் அது. கூடவே ஒரு மிளகு வாசம் வரும். உவமைக்காகச் சொல்லவில்லை; மிளகின் மணமேதான். 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த வாசத்துக்குக் காரணமான மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். ரொட்டண்டோன் என்று பெயர். நம் மிளகிலும் மணம் தருவது இதே மூலக்கூறு. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் பதினாறு பங்கு. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரிவதே இல்லை. ஒரே குவளையைக் குடித்துவிட்டு இருவர் சண்டை போட்டால் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. ஒயின் கிழக்கே வந்த அந்தக் காலத்தில் மிளகு மேற்கே போனது. இரண்டுக்கும் ஒரு மூலக்கூறு பொது என்று தெரிய இரண்டாயிரம் ஆண்டு ஆயிற்று. எனக்கு இந்தச் செய்தி ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

ஆக, கரிஞானின் புளிப்பு, சின்ஃபண்டலின் பழச்சுவை, சிராவின் நிறமும் துவர்ப்பும். ஓராண்டு வெயில் கடுமையாகிச் சின்ஃபண்டலில் புளிப்பு குறைந்தால் கரிஞானின் பங்கைக் கூட்டலாம். ஒரு தோட்டத்தில் விளைச்சல் படுத்தால் இன்னொன்று கைகொடுக்கும். ஒற்றை ரகத்தைக் கட்டிக்கொண்டவருக்கு இந்த வசதி குறைவு. புளிப்பு போதாவிட்டால் அவர் டார்டாரிக் அமிலத்தை மூட்டையாக வாங்கிக் கலக்கவேண்டி வரும்.

சாற்றைத் தொட்டியில் இறக்கியதிலிருந்து வேலை முழுக்கச் சுத்தத்திலும் வேகத்திலும் இருக்கிறது. அழுகிய குலையை உள்ளே விடக்கூடாது. நொதித்தல் தாமதமின்றித் தொடங்கவேண்டும். தொடங்கிவிட்டால் பொங்கி வரும் கரியமில வாயுவே சாற்றின் மேல் போர்வையாகக் கிடந்து காற்றைத் தள்ளிவைக்கும். சர்க்கரை அடியோடு தீரவேண்டும். அடுத்து, ஈனோகாக்கஸ் என்ற பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் கட்டம். அதையும் தொட்டியிலேயே முடித்துவிடவேண்டும். அரைகுறையாக விட்டால் புட்டிக்குள் அது மறுபடி தொடங்கி, வாயு பொங்கி, கலங்கிப்போகும். நுண்ணுயிரிக்குத் தின்ன ஒன்றும் மிச்சம் வைக்காமல் புட்டியை மூடுவதே கந்தகம் இல்லாத ஒயினின் முதல் விதி. அதன் பிறகு தொட்டியில் வெற்றிடம் இருக்கக்கூடாது. இருந்தால் நைட்ரஜன் போன்ற வாயுவால் நிரப்பவேண்டும்.

இங்கே மரப்பீப்பாயைப் பற்றிச் சொல்லவேண்டும். விலை அதில்தான் ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சு ஓக் மரத்தில் செய்த புதுப் பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். 300 புட்டிக்கு வரும். ஒரு பீப்பாய் ஆயிரம் டாலர் என்று வைத்தால் மரத்துக்கு மட்டும் புட்டிக்கு மூன்று டாலருக்கு மேல் ஏறிவிடும். மரம் மூச்சுவிடும் பொருள். அதன் வழியே ஆக்சிஜன் கசியும். அதன் துளைகளில் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் குடியேறினால் ஒயினில் குதிரை லாயத்தின் நாற்றம் வரும். அதைத் துரத்தப் பொதுவாகக் கந்தகத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். கந்தகம் வேண்டாம் என்பவருக்கு எஃகுத் தொட்டிதான் பத்திரம். எஃகுத் தொட்டி பல பத்தாண்டு உழைக்கும். புட்டிக் கணக்கில் பார்த்தால் அதன் செலவு மிகச் சொற்பம். எஃகுத் தொட்டியில் இருந்து, ஆண்டுக்கணக்கில் காத்திராமல் இளமையிலேயே விற்றுப்போகும் ஒயின், மலிவாகவும் இருக்கும், கெடாமலும் இருக்கும். இந்த வகை ஒயினில் விலைக் குறைவும் பாதுகாப்பும் ஒரே முடிவிலிருந்து பிறக்கின்றன. மலிவு என்றால் எங்கோ ஏமாற்று இருக்கும் என்று சந்தேகப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

தோட்டத்தில் கந்தகம் உண்டா? உண்டு. இதைக் கேட்டு வாசகர் திகைக்கலாம். திராட்சை இலையில் மாவு தூவியதுபோல் படரும் சாம்பல் நோய் வட அமெரிக்காவிலிருந்து கிளம்பிய பூஞ்சையால் வருவது. 1845-இல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர் அதை முதலில் கண்டார். பத்தாண்டுக்குள் பிரான்சின் விளைச்சலை அது சூறையாடிவிட்டது. கந்தகப் பொடியைத் தூவினால் நோய் அடங்கும் என்று அப்போதே கண்டுகொண்டார்கள். ஆர்கானிக் விதிகள் அதை அனுமதிக்கின்றன. இலையில் தூவும் கந்தகப் பொடி வேறு, ஒயினில் கரைக்கும் சல்பைட் வேறு. ஆனாலும் அறுவடை நெருங்கும்போது தூவுவதை நிறுத்திவிடவேண்டும். பழத்தோலில் மிஞ்சும் கந்தகத்தை ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். தொட்டி முழுக்க அழுகிய முட்டை வாடை வீசும்.

மற்றொரு நோயான அடிச்சாம்பல் கோடை மழையில் பரவுவது. அதற்கு 1880-களில் போர்டோ நகரத்தில் மில்லார்டே என்பவர் கண்ட மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவைதான் ஆர்கானிக் விவசாயிக்கு இன்றும் கதி. அதிலுள்ள செம்பு மண்ணிலேயே தங்கி மண்புழுக்களுக்குக் கேடு செய்வதால், ஐரோப்பிய ஒன்றியம் ஏழாண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு விதித்திருக்கிறது. மெண்டசினோவில் மழை குளிர்காலத்தில் பெய்து, கோடை உலர்ந்தே கிடக்கும். அடிச்சாம்பல் தொல்லை இல்லை. ஃப்ரே குடும்பத்தின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ஈரமான போர்டோவில் ஆர்கானிக் திராட்சை வளர்ப்பவர் அதைவிடக் கடினமான போரை நடத்துகிறார் என்பதும் நியாயமாகச் சொல்லப்படவேண்டும். குளிர்கால மழையில் கொடி வரிசைகளுக்கு நடுவே பயறு வகைகளை விதைத்து, வசந்தத்தில் மடக்கி உழுதால் வேர் முடிச்சுகளின் பாக்டீரியா பிடித்துவைத்த நைட்ரஜன் மண்ணுக்குக் கிடைக்கிறது. நம் ஊரில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்குவதன் அதே தத்துவம். அந்த நைட்ரஜன் பழம் வரை போய்ச் சேர்ந்தால் தொட்டியில் ஈஸ்ட் பசியின்றி வேலை செய்யும்.

'ஆர்கானிக்' என்ற சொல் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. 2002-இல் அமலான அமெரிக்க விதிப்படி, 'ஆர்கானிக் ஒயின்' என்று எழுதினால் சல்பைட் துளியும் சேர்த்திருக்கக்கூடாது. 'ஆர்கானிக் திராட்சையில் செய்தது' என்று எழுதினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஐரோப்பாவில் 2012 முதல், சர்க்கரை மிஞ்சாத சிவப்பு ஒயினில் 100 மில்லிகிராம் வரை இருந்தாலும் அது ஆர்கானிக் ஒயின்தான். சாதாரணச் சிவப்புக்கு வரம்பு 150. சேர்க்காத ஒயினிலும் சல்பைட் அறவே இல்லாமல் இருக்காது. ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் உண்டாக்கும். புட்டி வாங்கும்போது 'சேர்க்காதது' என்பதை 'இல்லாதது' என்று படிக்காதீர்கள்.

சல்பைட் வேண்டாம் என்று இந்த ஒயினைத் தேடுபவர்களில் பலர் தலைவலிக்குப் பயந்தவர்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சல்பைட் மூச்சுத்திணறலை உண்டாக்குவது உண்மை. அவர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். தலைவலிக் கணக்கு மட்டும் பொருந்தவில்லை. சிவப்பைவிட வெள்ளை ஒயினில்தான் சல்பைட் பொதுவாக அதிகம். தலைவலி தருவதாகப் பெயர் வாங்கியது சிவப்பு. பளபளக்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை ஐரோப்பா அனுமதிக்கிறது; அதைத் தின்றுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொள்பவர்கள் இல்லை. 2023-இல் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் வேறொரு கருதுகோளை முன்வைத்தார்கள். திராட்சைத் தோலிலுள்ள குவெர்செட்டின் உடலில் மாறி உண்டாகும் பொருள், அசிட்டால்டிஹைடை அழிக்கும் நொதியைத் தடுக்கிறது. தேங்கும் அசிட்டால்டிஹைடு தலைவலி தரலாம் என்கிறார்கள். சோதனைக்குழாயில் பார்த்த முடிவு இது. மனிதரில் இன்னும் உறுதிப்படவேண்டும்.

ஆர்கானிக் என்ற சொல்லாலும் சல்பைட் இல்லை என்ற வரியாலும் ஆல்கஹால் குறைந்துவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் தொகுதியில் மதுபானங்களை 1988-இலேயே சேர்த்துவிட்டது. சல்பைட்டுகளை அதே முகமை 1992-இல் ஆராய்ந்து, வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத மூன்றாம் தொகுதியில் வைத்தது.